நாலு குத்து நெல்

போன மாதம் பள்ளிக்கூடத்து இரும்பு பீரோவை ஒழிக்கும்போது, அடித்தட்டில் ஒரு கட்டு வாழ்த்து அட்டை கிடைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடப் பொங்கலுக்குப் பிள்ளைகள் செய்தவை. மொத்தம் 23. எல்லா அட்டையிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வளைந்து ஓடும் ஆறு, ஓரமாக ஒரு குடிசை, ஒரு தென்னை. எங்கள் ஊர் காவிரி டெல்டாவின் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேருகிற இடம். இங்கே மலை என்ன, பெயர் சொல்ல ஒரு மேடு கூடக் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்குச் சூரியன் கருவைக் காட்டுக்குப் பின்னாலிருந்துதான் எழும்பும். ஆனாலும் 23 அட்டையிலும் மலை.

உள்ளே எழுதியிருந்ததும் அதே கதைதான். 'சூரியனுக்கு நன்றி. மாட்டுக்கு நன்றி. உழவருக்கு நன்றி.' நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் மட்டும் 'நண்றி' என்று எழுதியிருக்கிறான். அதைச் சிவப்பு மையில் சுழித்து ஓரத்தில் திருத்தியும் வைத்திருக்கிறேன். நன்றி அட்டைக்குப் பிழை திருத்திய டீச்சர் வேறு யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை.

அதற்கடுத்த வருடம் கொஞ்சம் புத்தி வந்தது என்று நினைத்துக்கொண்டு இன்னும் பெரிய தப்பாகச் செய்தேன். சூரியன், மாடு எல்லாம் வேண்டாம், 'நமக்காக உழைக்கும் அப்பாவுக்கு ஒரு கடிதம்' எழுதுங்கள் என்றேன். எல்லாரும் எழுதினார்கள். நாலாம் வகுப்பில் ஒரு பெண் கடிதத்தை நாலாக மடித்து எடுத்துவந்து, "மிஸ், இத எந்த ஊருக்கு அனுப்புறது?" என்று கேட்டாள். விவரம் கேட்பதுபோல், சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்பா வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரோடு அவரது தலைப்பெழுத்தையும் சேர்த்துத் தினமும் கூப்பிட்டவள் நான். ஒரு நாள் விசாரித்திருக்கலாம். அந்தக் கடிதத்தை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

அதிலிருந்து பொங்கல் என்றாலே எனக்குக் கொஞ்சம் உதறல். அறுவடைத் திருநாள், நன்றி சொல்லும் நாள் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. நமக்குக் கிடைப்பதோ அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து பொங்கல் விடுமுறை வரை எட்டு, பத்து வேலை நாட்கள். மூன்றாம் பருவப் புத்தகம் வேறு அப்போதுதான் கைக்கு வந்திருக்கும். அதற்குள் இந்த 'நன்றி'யை எப்படிப் பிள்ளைகள் கையில் கொடுப்பது?

யோசித்துப் பார்த்தால், நம் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. சோறு போட்ட அம்மாவிடம் 'நன்றி அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்ப்பார். நன்றி என்பது மேடையில் சொல்வது, விண்ணப்பத்தின் கடைசியில் எழுதுவது. கடையில் 'தேங்க்ஸ்' என்போம், அது சும்மா. என் பாட்டிக்கு யாராவது உதவினால் "நல்லா இருப்ப சாமி" என்பார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பித் தர விடமாட்டார். ஒரு துண்டு வெல்லமாவது, நாலு கறிவேப்பிலையாவது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சிட்டிகைச் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

திருக்குறளில் பதினோராவது அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் ஒருவர் செய்த நல்லது, உதவி. பதிலுக்கு நாம் சொல்கிற சொல் இல்லை. நாம் செய்ய வேண்டியதாக அதிகாரத் தலைப்பு வைத்திருப்பது 'அறிதல்' மட்டும்தான். இத்தனை வருடம் அந்த அதிகாரத்தை மனப்பாடப் பகுதியாக ஒப்பித்துக் கேட்டிருக்கிறேன், தலைப்பைப் படித்ததே இல்லை போலிருக்கிறது.

அதனால் சில வருடங்களாக எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு முந்திய அந்தப் பத்து நாளும் வகுப்பில் 'நன்றி' என்ற வார்த்தையை நான் சொல்லமாட்டேன், எழுதச் சொல்லவும் மாட்டேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நாலும் ஐந்தும் என்னிடம் ஒரே அறையில். இந்த வருடம் 21 பேர். இந்த வருடம் செய்ததைத்தான் எழுதப்போகிறேன். எல்லாமே நன்றாக வந்தது என்று சொல்லமாட்டேன்.

முதல் நாளே ஒரு தூக்குவாளியை எடுத்துவந்தேன். அரை லிட்டர் பிடிக்கும், மூடி கொஞ்சம் நெளிந்தது. அதில் கொஞ்சம் பொரிகடலை போட்டு ஒரு பிள்ளையிடம் கொடுத்தேன். விதி இரண்டுதான்: வெறுமனே திரும்பி வரக்கூடாது, கடையில் வாங்கிப் போடக்கூடாது. வந்ததைப் பிரித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு வேறு ஏதாவது போட்டு அனுப்புவோம். ஒரு நாளைக்கு இரண்டு வீடு. பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை, எல்லா வீட்டிலும் அம்மாக்களுக்குத் தெரிந்த பழக்கம்தான். முருங்கைக்கீரை வந்தது. நாலு நாட்டுக்கோழி முட்டை வந்தது. பனங்கிழங்கு வந்தது, அன்று பாடம் நடக்கவில்லை. ஒரு நாள் தூக்கு தளும்பத் தண்ணீர் வந்தது. கொண்டுவந்த பையன், "வீட்டுல ஒன்னும் இல்ல மிஸ். எங்க தெரு பம்புத் தண்ணி நல்லாருக்கும்" என்றான். எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. அவன் தெரு அடிபம்பில் மட்டும் எப்படியோ தித்திப்பு. ஆளுக்கு ஒரு மடக்கு குடித்தோம். "ஆமா மிஸ், நல்லாருக்கு" என்று முன்வரிசை சான்றிதழ் கொடுத்தது.

இரண்டாவது வேலை கோலப்பொடியில். பொங்கல் பானைக்குள் போகிற ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, பள்ளி வாசலில் பெரிதாகத் தமிழ்நாடு வரைந்தேன். முதல் தடவை பலாக்காய் மாதிரி வந்தது. அழித்து மறுபடி போட்டேன். பானைக்கு அடையாளமாக டெல்டாவில் ஒரு செங்கல். ஆளுக்கு ஒரு பொருள். அந்தப் பொருள் விளைகிற இடத்தில் போய் நிற்க வேண்டும், கையில் கம்பளி நூல், மறுமுனை செங்கலில்.

அரிசிக்காரன் செங்கல் மேலேயே உட்கார்ந்துகொண்டான். பாசிப்பருப்புக்காரி அவன் பக்கத்திலேயே. எங்கள் ஊரில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள், வயலில் மிச்சமிருக்கிற ஈரத்திலேயே அது முளைத்து வந்துவிடும். அதனால் அரிசிக்கும் பருப்புக்கும் ஒரே வயல். அச்சு வெல்லம் கொஞ்சம் மேற்கே, பாபநாசம் பக்கம் வீரமாங்குடியில். முந்திரி பண்ருட்டியில். ஏலக்காய்க்காரியைப் போடிநாயக்கனூரில் நிறுத்தினேன். "அது ஏலம் விடுற ஊர், விளையுறது கேரளாவுல இடுக்கி மலையில" என்றதும் கோட்டைத் தாண்டி ஒரே எட்டில் கேரளாவுக்குப் போய்விட்டாள். முந்திரிக்காரனுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. பண்ருட்டியில் உடைக்கிற கொட்டையில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவதும் உண்டு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவன் நூலை இழுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடி வரை போய், "நான் ஆப்பிரிக்கா!" என்று கத்தினான்.

எல்லாரும் நின்றாகிவிட்டது என்று நான் நினைத்தபோது மூலையிலிருந்து ஒரு குரல்: "தண்ணி ஊத்தாம எப்படிப் பொங்கும்?" நான் போட்ட பட்டியலில் தண்ணீரே இல்லை. கடைமடையில் இருந்துகொண்டு, ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறந்தாச்சா என்று விசாரிக்கிற ஊரில், தண்ணீரை மறந்த டீச்சர். கேட்டவளையே தண்ணீராக்கினேன். காவிரி பிறக்கிற குடகில் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் அது தலைமையாசிரியர் பைக் நிற்கிற இடம். அவள் பைக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எல்லாவற்றையும் விட நீளமான நூல்களில் ஒன்று அவளுடையது. அடுத்து செங்கலை மையமாக வைத்து ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பேர் கை படுகிறது என்று எண்ணத் திட்டம். அதற்குள் மஞ்சள் கொத்துக்காரன் கையிலிருந்த இலையைத் தின்ன ஒரு ஆடு உள்ளே வந்துவிட்டது. நூலெல்லாம் ஆட்டின் காலில். விரட்டியதில் கொங்கு மண்டலமே அழிந்துபோயிற்று. சிக்கெடுக்கவே மணியடித்துவிட்டது. அந்த நூலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், பின்னால் உதவியது.

போகிக்கு என்று தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எரிக்காதீர்கள், டயர் கொளுத்தாதீர்கள் என்று வருடா வருடம் உறுதிமொழி எடுக்கிறோம், வலது கையை நீட்டிக்கொண்டு. இந்தத் தடவை உறுதிமொழிக்குப் பதிலாக, கழித்துப்போட இருக்கிற ஒரு சாமானை எடுத்துவந்து அது என்னென்ன செய்தது என்று சொல்லச் சொன்னேன். தேய்ந்த துடைப்பம், கைப்பிடி போன பை, அப்பாவின் பழைய டார்ச் லைட். ஒருவன் ஒற்றைச் செருப்பு கொண்டுவந்தான். இன்னொன்று போன ஐப்பசியில் வாய்க்காலோடு போய்விட்டதாம். "இது மட்டும் என்கூடவே இருந்துச்சு மிஸ்" என்றான். கழிக்கத்தானே கொண்டுவந்தாய் என்றால், திரும்ப வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டான்.

குறள் 104: தினையளவு உதவி செய்தாலும், அதன் பயன் தெரிந்தவர்கள் அதைப் பனையளவாக நினைப்பார்கள். பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் தினையை ஒருவரும் பார்த்ததில்லை. பனை தினமும் பார்க்கிற மரம், அளந்ததில்லை. சரி, அளந்துவிடுவோம் என்று கிளம்பினோம். தினை டவுனில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். ஸ்கேலின் மேல் 20 தினையை வரிசையாக ஒட்டி வைத்தால் 4 சென்டிமீட்டர் வந்தது, ஆக ஒன்று 2 மில்லிமீட்டர். இதற்கே அரை மணி நேரம் போயிற்று, யாராவது மூச்சு விட்டால் வரிசை கலைந்துவிடும்.

பனைக்கு ஏறவேண்டாம். வெயிலில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, அதன் நிழலும் ஒரு மீட்டர் ஆகிற வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மரத்தின் நிழலை அளந்தால் அதுதான் மரத்தின் உயரம். எங்கள் ஊரில் பொங்கல் சமயத்துக்கு இது காலை பத்தேகால் வாக்கில் அமைகிறது. குச்சியைச் சுற்றி 21 பேரும் குந்திக்கொண்டு நிழல் சுருங்குவதைப் பார்த்தது, நான் நடத்திய எந்தக் கணக்கு வகுப்பையும் விட அமைதியாக இருந்தது. "இப்ப!" என்று கத்தியதும் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டம். 14 மீட்டர். இரண்டாயிரத்தால் பெருக்குவதா, ஐந்நூறால் பெருக்குவதா என்று ஒரு சண்டை நடந்து, கடைசியில் விடை வந்தது: ஏழாயிரம்.

"அப்ப ஒரு தடவ பேனா குடுத்தா ஏழாயிரம் தடவ திருப்பிக் குடுக்கணுமா மிஸ்?"

என்னிடம் தயாராகப் பதில் இல்லை. குறளில் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை, வாங்கிக்கொண்டவர் மனதில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதுதான் என்று சொன்னேன். "அப்ப குடுத்தவன் சும்மா ஏழாயிரம்னு சொல்லிக்கக் கூடாது" என்று ஒருத்தி முடித்துவைத்தாள். எந்தக் கோனார் உரையும் இதைச் சொல்லித் தரவில்லை.

இதற்கு நடுவே நெட்டி மாலை. மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் பக்கம் மாட்டின் கழுத்தில் கலர் கலராகக் கட்டுவது. நெட்டி, குளத்திலும் ஏரியிலும் வளர்கிற செடி. தண்டை அறுத்து வெயிலில் காயவைத்துத் துண்டு போட்டுச் சாயம் ஏற்றித் தாழை நாரில் கோக்க வேண்டும். இதைச் செய்கிற குடும்பத்துப் பெண் ஒருத்தி வகுப்பில் இருக்கிறாள், வாயே திறக்கமாட்டாள். அன்று ஒரு மணி நேரம் அவள்தான் டீச்சர். நான் கோத்ததைப் பார்த்துவிட்டு, அவிழ்த்து, மறுபடி கோக்கச் சொல்லித் திருப்பித் தந்தாள். மாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் வகுப்பில் அதிகம். அவர்கள் ஆட்டுக்குக் கட்டினார்கள், சைக்கிளுக்குக் கட்டினார்கள். ஒருவன் அப்பா ஓட்டுகிற டிராக்டருக்கு என்று இரண்டு முழம் கேட்டு வாங்கிப் போனான்.

ஆயாம்மா விஷயத்தைச் சொல்ல வேண்டும். மதிய சத்துணவு சமைக்கிறவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முன்பு ஒரு பொங்கல் விழாவில் அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். கைதட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அடுப்புல கொழம்பு இருக்கு டீச்சர்" என்று இறங்கிப் போய்விட்டார். அந்தச் சால்வையை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எங்களைப் போன்ற எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபிறகு காலையில் சமைப்பது மகளிர் குழுவினர். மதியம் ஆயாம்மாதான், வாரம் ஐந்து நாள் முட்டையோடு.

இந்தத் தடவை மேடை வேண்டாம், கேள்வி கேட்போம் என்று சமையலறை வாசலில் போய் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு கேள்வி. வெங்காயம் உரிக்கும்போது அழுவீங்களா? முட்டை உடையாம எப்படி வேகவைக்கிறீங்க? (தண்ணீரில் ஒரு கை உப்பு போட வேண்டுமாம்.) உங்க வீட்டுல யாரு சமைப்பா? அதற்கும் அவரேதான். காலையில் நாலரைக்கு எழுந்து வீட்டுக்குச் சமைத்துவிட்டு வருகிறார். கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே அரிசி களைந்தார், பருப்பில் கல் பொறுக்கினார். பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்புப் பையன் கடைசியாகக் கேட்டான்.

"நீங்க எப்ப சாப்பிடுவீங்க ஆயாம்மா?"

"நீங்கள்லாம் தட்டு கழுவிட்டுப் போனப்புறம்."

"மிச்சம் இல்லன்னா?"

அவர் சிரித்துக்கொண்டே பருப்பை உலையில் போட்டார். மறுநாள் மதியம் சாப்பாட்டு வரிசை நகரவில்லை. என்ன என்று போய்ப் பார்த்தால், முதலில் நிற்கிற அந்தப் பையன் தட்டை நீட்டாமல் நிற்கிறான். "ஆயாம்மாவுக்கு எடுத்து வெச்சாச்சான்னு கேக்குறேன், சொல்ல மாட்டேங்குறாங்க மிஸ்."

இனி அரிசி. இதுதான் எனக்கே பிடித்தது, மூன்று நாள் ஓடியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி கணக்கு. அதில் எத்தனை அரிசி மணி இருக்கும்? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், நூறிலிருந்து கோடி வரை. ஆயாம்மாவின் தராசில் 100 கிராம் நிறுத்தோம். அது தீப்பெட்டிக் கூட்டால் ஆறு கூடு வந்தது. மூன்று மூன்று பேராக ஏழு குழு, குழுவுக்கு ஒரு தீப்பெட்டி அரிசி. பத்துப் பத்தாகக் கும்மாச்சி குவித்து எண்ண வேண்டும். ஆயிரத்தை ஒட்டித்தான் எல்லாருக்கும் வந்தது, ஒரு குழுவுக்கு மட்டும் 780. அவர்கள் எண்ணிக்கொண்டே மென்றிருக்கிறார்கள். "உன் கல்யாணத்துல மழ பேயும் பாரு" என்று மற்ற ஆறு குழுவும் சாபம் விட்டது.

எண்ணும்போது ஒருத்தி சில மணிகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். "இது பிளாஸ்டிக் அரிசி மிஸ். எங்க பாட்டி பொறுக்கித் தூரப் போட்டுடும்." அது செறிவூட்டிய அரிசி. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, அரிசி மாவையே அரிசி வடிவத்தில் பிழிந்து எடுப்பது. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து வந்தது. "அப்ப ஆயிரத்துல பத்து இருக்கணும்" என்று தேடினார்கள். அவளிடம் எட்டு இருந்தது. பாட்டியிடம் போய்ச் சொன்னாளா, பாட்டி நம்பினாரா என்று நான் கேட்கவில்லை.

ஆறு தீப்பெட்டி, ஆறாயிரம் மணி. இனி இது எத்தனை கதிர்? பள்ளிக்குப் பின்னால் இருக்கிற வயலுக்குப் போனோம். பொங்கலை அறுவடைத் திருநாள் என்கிறோம், எங்கள் ஊர் சம்பா பெரும்பாலும் பொங்கலுக்கு அப்புறம்தான் அறுப்புக்கு வரும். அன்று கதிர் பழுத்துத் தலைசாய்ந்து நின்றது. நிலத்துக்காரர் வரப்போரம் எலி வெட்டிப் போட்ட குத்து ஒன்றைக் காட்டி, அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். குத்து என்றால் ஒரே இடத்தில் ஊன்றிய நாற்று கிளைத்து நிற்கிற கொத்து. "நிக்கிறத ஒடிச்சிடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். ஐந்து கதிரை உருவி எண்ணினோம். பதர் போக, கதிருக்கு 140 நெல் சராசரி. ஆறாயிரம் மணிக்கு 43 கதிர். வரப்பிலிருந்தபடி குத்துகளில் கதிரை எண்ணினால் பத்தும் வந்தது, பதின்மூன்றும் வந்தது. பதினொன்று என்று வைத்துக்கொண்டால், நாலு குத்து.

ஒரு பிள்ளையின் ஒரு நாள் மதியச் சோறு நாலு குத்து நெல். அரைக்கும்போது உடைகிற நொய்யை எல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனாலும் ஏறக்குறைய சரி. "நம்ம அரிசி குடோன்லேர்ந்துல்ல மூட்டையில வருது, இந்த வயல்லேர்ந்தா வருது?" என்று ஒருவன் கேட்டான், நியாயமான கேள்வி. ஏதோ ஒரு வயலில் நாலு குத்து என்று திருத்திக்கொண்டோம். கோலத் தமிழ்நாட்டிலிருந்து மிச்சமிருந்த கம்பளி நூலை வெட்டி ஆளுக்கு நாலு துண்டு கொடுத்தேன், நூல்கண்டை வரப்பிலேயே வைத்தேன். வரப்போரமாகவே நாலு குத்தைத் தேர்ந்தெடுத்து, ஒடிக்காமல் சுற்றிக் கட்ட வேண்டும். நிலத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிள்ளையைக் கூப்பிட வந்த ஒரு அம்மா வரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வயலில் நட்டவர்களில் அவரும் ஒருவர். "நாலு குத்து ஒரு புள்ளைக்குச் சோறா? அப்ப நான் ஒரு நாளைக்கு எத்தன புள்ளைக்கு நட்டிருக்கேன், அதையும் கணக்குப் போடுங்க டீச்சர்" என்றார். ஐந்தாம் வகுப்பு அங்கேயே வரப்பில் உட்கார்ந்து போட்டது. ஒரு சதுர மீட்டருக்கு முப்பது குத்து. ஒரு ஏக்கர் சுமார் நாலாயிரம் சதுர மீட்டர், ஆக ஒரு லட்சத்து இருபதாயிரம் குத்து. பத்துப் பேர் ஒரு நாளில் ஒரு ஏக்கர் நடுவார்கள், ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். நாலால் வகுத்தால் மூவாயிரம்.

"மூவாயிரம் பேருக்குச் சாப்பாடும்மா!" என்று அவர் மகளே கத்தினாள். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இந்தக் கணக்க அப்படியே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க டீச்சர். அடுத்த நடவுக்குக் கூலி கேக்கும்போது காட்டணும்." நிலத்துக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுதிக் கொடுத்தேன், பள்ளி முத்திரை மட்டும் வைக்கவில்லை.

சமத்துவப் பொங்கல் வழக்கம்போல நடந்தது. விறகு ஈரம், ஒரே புகை, பால் தெற்குப் பக்கம் பொங்கியதா கிழக்குப் பக்கமா என்று வாக்குவாதம். தலைமையாசிரியர் உரையில் 'நன்றி' பதினோரு தடவை வந்ததாகப் பிள்ளைகள் எண்ணி வந்து சொன்னார்கள். என் விதி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, நான் சொல்லவே இல்லை.

விடுமுறை முடிந்து தை பாதியில் அறுவடை மிஷின் வந்தது. மிஷின் வரப்போரம் ஒட்டி அறுக்காது, ஓரத்தையும் மூலையையும் கையரிவாளால்தான் அறுக்க வேண்டும். அறுத்தது அந்த அம்மாவும் இன்னும் இரண்டு பேரும். கம்பளி நூல் கட்டிய குத்துகளை மட்டும் தனியாகக் கட்டி, தலைச்சுமையாகப் பள்ளிக்கே கொண்டுவந்து போட்டார்கள். நிலத்துக்காரர் கொடுக்கச் சொன்னாராம். ஒரு பகுதியைக் கொத்தாகக் கட்டி வாசலில் குருவிக்குத் தொங்கவிடலாம் என்று பிரித்தோம். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் நூல் கட்டிய குத்துகளை எண்ணினேன். 21 பேர், ஆளுக்கு நாலு, 84 இருக்க வேண்டும். 88 இருந்தது. மறுபடி எண்ணினோம், 88 தான்.

யார் கூடுதலாகக் கட்டியது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் அந்த ஐந்தாம் வகுப்புப் பையன்தான் கையைத் தூக்கினான். நூல்கண்டிலிருந்து இன்னும் நாலு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டானாம். அவனுக்கு நாலு, ஆயாம்மாவுக்கு நாலு.

விஷயம் சமையலறைக்குப் போய்ச் சேர அரை நிமிடம் கூட ஆகவில்லை. ஆயாம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"எனக்கு நாலு குத்து எப்படிடா பத்தும்?"